அந்த உண்டியல் யாருடையது? – குழந்தைகளும் காசும்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்குக் காசைப் பற்றியும் சேமிப்பைப் பற்றியும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் பத்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகனுக்கு ஐந்து வயது. பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறான். ஒரு ரூபாய் நாணயம் ஐந்து கொடுத்தால் வாயெல்லாம் பல்! இவனுக்கு இப்போதே காசைப் பற்றிச் சொல்லலாமா, பள்ளியில் கணக்குப் படித்தபிறகு பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருப்பூர்

இப்போதே தொடங்கலாம். இந்த வயதில் கண்ணுக்கு எது நிறையத் தெரிகிறதோ அதுதான் அதிகம். 'ஒன்றே ஐந்துக்குச் சமம்' என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில்தான் பிடிபடும். வாயால் சொன்னால் அது ஏறாது, கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். நம் நாணயங்களும் குழப்பத்தான் செய்கின்றன. பழைய ஒரு ரூபாய் நாணயங்களில் பல, பித்தளை நிற ஐந்து ரூபாயைவிடப் பெரியவை. ஒன்றும் இரண்டும் ஒரே வெள்ளி நிறம். ஆகவே, 'எது பெருசு?' என்று கேட்காமல் 'இதுல என்ன நம்பர் போட்டிருக்கு?' என்று கேட்டுப் பழக்குங்கள்.

முதல் வாரம் ஒரு தட்டில் 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களைக் கலந்து கொட்டி, நான்கு கிண்ணங்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வீட்டிலேயே கடை. ஐந்து ரூபாய்க்கு ஒரு கடலை மிட்டாய் என்று விலை. அவன் ஐந்து ஒரு ரூபாயை வரிசையாக வைத்தால் ஒரு கடலை மிட்டாய். மறுநாள் ஒரே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினாலும் அதே கடலை மிட்டாய். மூன்று, நான்கு தடவை இப்படி நடந்தால், நாணயத்தை நீட்டுவதற்கு முன்னால் அவன் கை ஒரு நொடி நிற்கும். யோசிக்கிறான் என்று அர்த்தம். அப்போது நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

மூன்றாவது கட்டம் தெருமுனைக் கடை. கையில் 10 ரூபாய், வாங்குவது 5 ரூபாய்ப் பொருள், மீதியை எண்ணி வாங்கிவர வேண்டும். 'சில்லறை இல்லை' என்று கடைக்காரர் மிட்டாயை நீட்டினால், 'சில்லறையாகவே கொடுங்கண்ணா' என்று நீங்கள் கேட்பதை அவன் பார்க்கட்டும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால், விளையாடி முடித்ததும் நாணயங்களை எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள். வாயில் போட்டு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

மகள் மூன்றாம் வகுப்பு. வாரம் எவ்வளவு கைச்செலவுக்குக் கொடுக்கலாம்? பாத்திரம் துலக்கினால் இவ்வளவு, வீடு பெருக்கினால் இவ்வளவு என்று வேலைக்குக் கூலியாகக் கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். கொடுத்ததை முதல் நாளே தீர்த்துவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, மதுரை

தொகையைவிட முக்கியம் நாளும் ஒழுங்கும். மூன்றாம் வகுப்புக்கு வாரம் 20 முதல் 40 ரூபாய் போதும். 30 என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எல்லா ஞாயிறும் காலைதான். நீங்கள் இரண்டு வாரம் மறந்தால், 'கிடைக்கும்போது செலவழித்துவிட வேண்டும்' என்ற பாடம் அவளுக்குள் இறங்கிவிடும்.

30 ரூபாயை ஒரு 10 ரூபாயும் நான்கு 5 ரூபாயுமாகக் கொடுங்கள். முழுத் தாளாகக் கொடுத்தால் பிரிக்க முடியாது, பிரிக்க முடியாவிட்டால் சேமிப்பும் நடக்காது. மூன்று கண்ணாடி பாட்டில்கள் வையுங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்தாலே போதும். செலவுக்கு 15, சேமிப்புக்கு 10, கொடுப்பதற்கு 5. கொடுப்பதற்கான பாட்டிலில் சேர்வதை யாருக்குக் கொடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். கோயில் உண்டியலோ, தெரு நாய்க்கு பிஸ்கட்டோ, அவள் விருப்பம்.

சேமிப்பு பாட்டிலில் என்ன வாங்கப் போகிறோம் என்ற படத்தை ஒட்டுங்கள். இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. வாரம் 10 ரூபாய் போடும் பிள்ளையை 2,000 ரூபாய் சைக்கிளுக்குச் சேர்க்கச் சொன்னால் 200 வாரம் ஆகும். ஒரு மாதத்தில் மனசு விட்டுப்போகும். எட்டு வயதுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கைக்கு எட்டும் இலக்கு சரி. 80 ரூபாய் ஸ்கெட்ச் பேனா பெட்டி என்றால் எட்டு வாரம். 'நீ 10 போட்டால் நான் 5 போடுகிறேன்' என்று நீங்களும் சேர்ந்துகொண்டால் ஆறாவது வாரமே வாங்கிவிடலாம்.

வேலைக்குக் கூலி என்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும் படுக்கையை மடிப்பதும் வீட்டில் இருப்பவர்களின் கடமை. அதற்கு விலை வைத்தால், காசு தேவைப்படாத வாரத்தில் 'எனக்கு வேண்டாம், நான் செய்யலை' என்று அவள் சொல்வாள். கூலி பேசிய பிறகு அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. வழக்கமான வேலைக்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டும் காசு கொடுக்கலாம். பழைய செய்தித்தாளை அடுக்கிக் கட்டி எடைக்குப் போட்டு வந்தால் அதில் கால்பங்கு, இரு சக்கர வண்டியைத் துடைத்தால் 10 ரூபாய் என்ற மாதிரி.

முதல் நாளே தீர்த்துவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கட்டும். திட்டவும் வேண்டாம், ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம். புதன்கிழமை பாட்டி ரகசியமாக 20 ரூபாயைக் கையில் திணித்தால் எல்லாம் வீண். ஆகவே பாட்டியிடமும் தாத்தாவிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எட்டு வயதில் 15 ரூபாயைத் தொலைத்துக் கற்றுக்கொள்வது மிக மலிவான படிப்பு.

சிலிண்டர் வந்த அன்று கையில் பணமில்லை. எட்டு வயது மகளின் தகர உண்டியலைத் திறந்து 900 ரூபாய் எடுத்தோம். சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்து மறந்துபோனோம். அவள் எண்ணிப் பார்த்துவிட்டாள். 'இனிமே நான் காசே சேக்க மாட்டேன்' என்கிறாள். மிட்டாயாக வாங்கித் தீர்க்கிறாள். என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் மிக நீளமாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால், இதே விஷயம் வேறு வேறு வடிவங்களில் இன்னும் பல கடிதங்களிலும் இருந்தது.

உங்கள் மகள் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறாள். சேர்த்துவைத்தால் காணாமல் போகும், தின்றுவிட்டால் வயிற்றில் பத்திரமாக இருக்கும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுள்ள 28 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. முதலில் படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிக் குழந்தைகளிடம் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் 'மன்னிச்சுக்கோ, இல்லை' என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லோர் முன்னாலும் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, 'நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்' என்றார். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் சுமார் 3 நிமிடம்தான். பொறுமை என்பது பிள்ளையின் குணத்தில் மட்டும் இல்லை, பெரியவர்களின் சொல்லிலும் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இது. 900 ரூபாயை ஒரே தடவையில், அவள் கண்முன்னே திருப்பிப் போடுங்கள். ஒரே தடவையில் முடியாது என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவளிடம் கொடுங்கள். அந்தத் தேதி தவறக் கூடாது. 'உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு' என்று அப்பாவும் அம்மாவும் இருவருமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'உனக்குத்தானே சோறு ஆக்கினோம்' என்ற வாதம் வேண்டாம். அது உண்மைதான், ஆனாலும் காசு அவளுடையது. உண்டியல் சாவி இனி அவளிடம் இருக்கட்டும்.

இனிமேல் அவசரம் வந்தால் கேளுங்கள். 'அப்பாவுக்கு 300 ரூபாய் வேணும், பத்தாம் தேதி தந்துடுவேன், தருவியா?' அவள் மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். தருகிறேன் என்றால் உண்டியலுக்குள் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: தேதி, தொகை, திருப்பும் நாள். நம் வீடுகளில் அம்மாவின் சிறுவாட்டுப் பணத்தைக் கேட்காமல் தொட்டால் எவ்வளவு பெரிய சண்டை வரும்! அந்த மரியாதை எட்டு வயதுச் சிறுவாட்டுக்கும் உண்டு.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் தாத்தா, மாமா, அத்தை கொடுக்கும் காசும் இதில் சேரும். 'குடு, நான் பத்திரமா வச்சிருக்கேன்' என்று வாங்கிய பணம் எங்கே போனது என்று எந்த அம்மாவுக்கும் நினைவிருக்காது, பிள்ளைக்கு நினைவிருக்கும். 20 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, யார் கொடுத்தது, எவ்வளவு, இப்போது எங்கே இருக்கிறது என்று நான்கு பத்தி. பிள்ளையே எழுதட்டும்.

உண்டியல் விஷயத்தில் இன்னொன்று. உடைத்தால்தான் எடுக்க முடியும் என்பது மண் உண்டியலின் பலம். ஆனால் ஈரம் ஏறி உள்ளே தாள்கள் ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் கரையான் அரித்துவிடும். மண்ணில் நாணயம் மட்டும் போடுங்கள், தாளைத் தகரத்திலோ கண்ணாடியிலோ வையுங்கள். ஏற்கெனவே கிழிந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். 20 ரூபாய் வரையுள்ள தாளில் ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் வங்கியில் முழு மதிப்பும் மாற்றிக்கொள்ளலாம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தாள்களில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழு மதிப்பு, 40-லிருந்து 80 வரை என்றால் பாதி.

பையன் உண்டியலில் சேர்த்த 10 ரூபாய் நாணயங்களைக் கடையில் வாங்க மறுக்கிறார்கள். செல்லாதா?
– வாசகர், வேலூர்

செல்லும். 10 ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்திருக்கிறது. எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 50 காசும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-உடன் நின்றுபோயின. கடையில் தகராறு செய்வதைவிட வங்கிக்கு எடுத்துப் போங்கள். வாடிக்கையாளர் எவ்வளவு நாணயம் கட்டலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. வகைபிரித்து, 100 நாணயம் ஒரு பாலித்தீன் பையாகக் கட்டி எடுத்துப் போனால் காசாளர் முகம் சுளிக்காமல் வாங்குவார். மாதக் கடைசியில் நடுப்பகலில் போங்கள், ஒன்றாம் தேதி வேண்டாம். பிரிக்கும் வேலையைப் பையனிடமே கொடுங்கள்.

ஆறு வயது மகள் எதைக் கேட்டாலும் 'போன்ல ஸ்கேன் பண்ணுப்பா' என்கிறாள். காசு இல்லை என்றால் நம்ப மறுக்கிறாள். வீட்டில் ரொக்கமே புழங்குவதில்லை. எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், சென்னை

போனில் காசு குறைவதை அவள் பார்த்ததே இல்லை. 'டிங்' என்ற சத்தம்தான் தெரியும். குறைவதைக் கண்ணில் காட்ட வேண்டும்.

புளியங்கொட்டை 50 எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். ஒரு கொட்டை 10 ரூபாய். வாரத்துக்கு நொறுக்குத்தீனி, ஐஸ்கிரீம், வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 500 ரூபாய் என்றால் 50 கொட்டை ஒரு டம்ளரில். நீங்கள் எப்போது ஸ்கேன் செய்தாலும், வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொகைக்கான கொட்டைகளை அவள் எண்ணி எடுத்து வேறு டம்ளரில் போட வேண்டும். 60 ரூபாய் ஐஸ்கிரீம் என்றால் ஆறு கொட்டை. வியாழக்கிழமை வாக்கில் டம்ளரின் அடி தெரியும். 'இன்னும் நாலுதான் இருக்குப்பா' என்று அவளே சொல்வாள். கொட்டை தீர்ந்தபிறகு நீங்கள் உங்கள் காபிக்கு ஸ்கேன் செய்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. விதி வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மாதத்தில் ஒரு வாரமாவது காய்கறிக்கு ரொக்கம் எடுத்துப் போங்கள். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் மிக நல்லது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். 100 ரூபாயை அவளிடம் கொடுத்து, பலகையைப் பார்த்து மூன்று காய் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போனில் பணம் கட்டும் ரகசிய எண்ணை (PIN) மட்டும் 'செல்லம்தானே' என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

பத்து வயதுப் பையன் போனில் விளையாடும்போது 1,400 ரூபாய்க்கு ஏதோ 'டைமண்ட்' வாங்கிவிட்டான். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, சேலம்

கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேட்கும் வசதி இருக்கிறது. கிடைப்பது உறுதியில்லை, ஆனால் உடனே கேளுங்கள். பிறகு பிளே ஸ்டோர் அமைப்புகளில் வாங்கும்போது சரிபார்க்கும் பகுதிக்குப் போய், 'ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்க வேண்டும்' என்று மாற்றுங்கள். கட்டண முறைகள் பகுதியில் சேமித்து வைத்திருக்கும் கார்டை நீக்குங்கள். யூபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். மாதாமாதம் போகும்படி ஏதாவது ஒப்புதல் கொடுக்கப்பட்டிருக்கலாம். வேறு யாரோ ஆசைகாட்டி இணைப்பு அனுப்பிப் பணத்தைப் பறித்திருந்தால் அது மோசடி. தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பையனுக்கு அடி வேண்டாம். 'டைமண்ட்' என்ற பெயரே அது ரூபாய் என்பதை மறக்கவைக்கத்தான். 1,400 ரூபாய் என்பது அவனுடைய எத்தனை வாரக் கைச்செலவு என்று அவனையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் 50 என்றால் 28 வாரம். முழுவதையும் பிடித்தம் செய்தால் மலைப்புதான் மிஞ்சும். வாரம் 15 வீதம் பத்து வாரம் பிடித்து நிறுத்துங்கள்.

மகனுக்குப் பதினோரு வயது. அவன் பெயரில் கணக்கு தொடங்க வங்கி நல்லதா, தபால் நிலையமா? என்னென்ன வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பத்து வயது முடிந்துவிட்டதால், அவனே கையெழுத்திட்டு இயக்கும் கணக்கு தொடங்கலாம். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பு இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதெல்லாம் அந்தந்த வங்கியின் முடிவு. பத்துக்குக் கீழே என்றால் காப்பாளருடன் சேர்ந்துதான். அம்மாவும் காப்பாளராக இருக்கலாம்.

படிப்பினைக்கு எங்கள் ஓட்டு தபால் நிலையத்துக்கு. சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கும், வட்டி 4 சதவீதம். பல பெரிய வங்கிகளில் இப்போது 3-க்கும் கீழே. எல்லாவற்றையும்விட, கையில் பாஸ்புக் இருக்கிறது. பிள்ளைக்கு அச்சடித்த வரி முக்கியம். ஆனால் நிதியாண்டு முடிவில் இருப்பு 500-க்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். அதைப் பார்த்தால் பையனுக்கு அழுகைதான் வரும், ஆகவே 500-ஐத் தொடாமல் வையுங்கள்.

பையனின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், உங்கள் ஆதாரும் பான் கார்டும் எடுத்துப் போங்கள். நம் ஊரில் வேலை நிற்பது பெரும்பாலும் இனிஷியலில்தான். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பிறப்புச் சான்றிதழில் முன்னால், பள்ளியில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று விதமாக இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஐந்து வயதில் செய்ய வேண்டிய ஆதார் கைரேகைப் புதுப்பிப்பைச் செய்தீர்களா என்றும் பாருங்கள். அடுத்த சிக்கல் கையெழுத்து. பதினோரு வயதில் அது வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் நோட்டில் ஒரே மாதிரி போட்டுப் பழகிய பிறகு கூட்டிப்போங்கள்.

சேமிப்புக் கணக்கு ஓடத் தொடங்கியபின் மாதம் 100 ரூபாய் தொடர் வைப்பு போடலாம். ஐந்து ஆண்டு, 60 தவணை, கட்டுவது 6,000. இதை எழுதும்போதுள்ள 6.7 சதவீத வட்டிக்கு முடிவில் சுமார் 7,136 கிடைக்கும். மாதத்தின் முதல் 15 நாளுக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். தவறினால் 100-க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் மீட்டெடுக்க வேண்டும். 16 வயதில் தன் பெயரில் அந்தத் தொகை வரும்போது, எதற்கு என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கு இருக்கட்டும்.

பையனுக்கு 18 வயதானதும் புதிய கையெழுத்து மாதிரியும் ஆவணங்களும் கொடுக்க வேண்டும். இதை மறந்து, கல்லூரி உதவித்தொகை வரும் நேரத்தில் கணக்கு முடங்கித் தவிப்பவர்கள் ஏராளம்.

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நான். அக்டோபர் 30 சிக்கன நாளுக்குப் பேச்சுப்போட்டி தவிர வேறு என்ன செய்யலாம்? அது ஏன் உலகெல்லாம் 31, நமக்கு மட்டும் 30?
– வாசகர், விருதுநகர்

1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு அக்டோபர் 31-ஐ முடிவு செய்தது. 1984-இல் இந்திரா காந்தி அதே தேதியில் கொல்லப்பட்டதால் இந்தியாவில் ஒரு நாள் முன்னதாக நடத்துகிறோம்.

முன்பு பள்ளிகளில் சஞ்சயிகா என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. மாணவர்களே கட்டி, மாணவர்களே கணக்கும் எழுதுவார்கள். அதன் சிறப்பு அந்தக் கணக்கு எழுதும் வேலைதான். இப்போது வகுப்பில் பிள்ளைகளின் காசை வாங்கி வைப்பது ஆசிரியருக்கு வீண் சிக்கல். காசில்லாமலே இதை நடத்தலாம். வருகைக்கு, வீட்டுப்பாடத்துக்குப் புள்ளிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாஸ்புக், மூன்று பேர் காசாளர், வாரம் ஒருமுறை மாற்றம். மாத முடிவில் 20 புள்ளி இருந்தால் 1 புள்ளி வட்டி. புள்ளியைக் கொடுத்துப் பென்சிலோ, முதல் பெஞ்சில் ஒரு நாள் இடமோ வாங்கலாம். காசாளர் கணக்கு உதைத்தால் தவறு எங்கே என்று வகுப்பே தேடட்டும். பாதி கணக்குப் பாடம் அதில் முடிந்துவிடும்.

இன்னொரு பயிற்சி: காலியான பிஸ்கட், சிப்ஸ் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விலையையும் நிகர எடையையும் படித்து, ஒரு கிராமுக்கு எத்தனை காசு என்று வகுக்க வேண்டும். இப்போது பல பொட்டலங்களில் அதுவே அச்சாகியும் இருக்கிறது. 5 ரூபாய்ப் பொட்டலமா, 20 ரூபாய்ப் பொட்டலமா, எது உண்மையில் மலிவு என்று பலகையில் வரிசைப்படுத்தட்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும் பாடம் இது.

மகளுக்கு செல்வமகள் திட்டம் போட்டிருக்கிறோம். அது போதாதா, உண்டியல் வேறு எதற்கு?
– வாசகி, கோவை

நல்ல திட்டம்தான். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம், 15 ஆண்டு கட்டினால் 21 ஆண்டில் முதிர்வு. 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீத வட்டி. 18 வயதானதும், அல்லது அதற்கு முன்பே பத்தாம் வகுப்பு தேறியதும், மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். ஆனால் அது நீங்கள் சேமிப்பது. அவளுக்கு அதில் வேலையே இல்லை. உண்டியலில் மிட்டாயா சேமிப்பா என்று தினமும் அவள்தான் முடிவெடுக்கிறாள். அவள் காசிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை 100 ரூபாயாவது அந்தக் கணக்கில் அவள் கையாலேயே கட்டவைத்து, பதிந்த பாஸ்புக்கைக் காட்டுங்கள்.

என் கணவருக்கு வேலை போய் நான்கு மாதம். கடனும் இருக்கிறது. ஒன்பது வயது மகன் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் பரிசுப் பை கொடுக்க வேண்டும் என்கிறான். உண்மையைச் சொல்லலாமா? பிள்ளை மனசு உடைந்துவிடாதா?
– வாசகி, ஈரோடு

சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது அளவுதான். அந்த அளவு தெரியாததால்தான் பயம். இரவில் அடுப்படியில் நீங்கள் மெல்லப் பேசுவதிலிருந்து அவனாகக் கற்பனை செய்துகொள்வது, உண்மையைவிடப் பெரிதாக இருக்கும்.

கடன் தொகையையும் யாருக்குத் தர வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்லத் தேவையில்லை. மூன்று விஷயம் போதும்: அப்பா வேறு வேலை தேடுகிறார். சாப்பாடு, பள்ளிக்கூடம், வீடு இந்த மூன்றும் இருக்கிறது. வெளிச் சாப்பாடு, புதுப் பொம்மை, பரிசுப் பை இந்த வருஷம் இல்லை. 'நாம ஏழையாயிட்டோமா?' என்று கேட்டால், 'இப்போ வர்ற காசு கம்மி, அதனால எதுக்கு முதல்ல செலவு பண்ணணும்னு பாத்துப் பண்றோம்' என்று நேராகச் சொல்லுங்கள். 'பாக்கலாம்' என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். பிள்ளைகள் அதை 'சரி' என்றுதான் கேட்பார்கள், நாள் நெருங்கும்போது இரட்டை ஏமாற்றம்.

பிறகு பிறந்தநாளுக்கு 200 ரூபாய் என்றோ 150 என்றோ, உங்களால் முடிந்ததை அவன் கையில் கொடுத்து, 'இதுக்குள்ள நீயே முடிவு பண்ணு' என்று விட்டுவிடுங்கள். 40 பேருக்கு ஆளுக்கொரு மிட்டாய் என்றால் 2 ரூபாய் மிட்டாய் 80 ரூபாய். மீதியில் வீட்டில் கேசரியோ பாயசமோ கிண்டி நாலு நண்பர்களை மாலையில் கூப்பிடலாம். அந்த நாளுக்காக அவன் தன் உண்டியலைத் திறக்கிறேன் என்று வந்தால், ஒருமுறை யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினால் வாங்காதீர்கள். 'இது உன்னோடது, பூட்டி வை' என்று சாவியை அவனிடமே திருப்பிக் கொடுங்கள்.